மோட்டார் ஓடும்போது அளந்த கிணறு

படாளம் யோகேஸ்வரிக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒன்றரை ஏக்கர் நெல் வயல், ஒரு கிணறு. அந்தக் கிணறு அரசின் கண்காணிப்புக் கிணறும்கூட. 2002 ஏப்ரல் முதல் மாதந்தோறும் ஐந்தாம் தேதி விடியற்காலை ஐந்தரைக்கு, இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விடுவார். எதுவரை நனைந்தது என்று பார்த்து நீர்மட்டத்தை அட்டையில் எழுதி மதுராந்தகம் அலுவலகத்துக்கு அனுப்புவார். அவற்றைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். நான் ஓய்வு பெறும்வரை 204 அட்டைகள். தவறிய மாதம் இல்லை, திருத்தல் ஒன்று.

மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் சுற்றுவட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும், கிணறு மளமளவென்று இறங்கும். அப்போது அளந்தால் கிடைப்பது மோட்டாரின் பசிதான். இது படாளத்தில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். சென்ற ஆண்டு வந்த கம்பெனிக்குத் தெரியவில்லை.

அவர்கள் திட்டம், பூமிக்கடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரியை வெட்டாமல் அங்கேயே கொளுத்துவது. ஒரு துளை வழியே காற்றும் நீராவியும் செலுத்தினால் இன்னொரு துளை வழியே எரிவாயு வரும். எரிந்த குழியில் மிஞ்சும் ஃபீனால், பென்சீன் போன்ற நஞ்சுகள் நிலத்தடி நீரில் கலந்துவிடக் கூடாது என்று ஒரு சிறு நிபந்தனை. வழவழப்பான அறிக்கையில் அதற்கு அரைப் பக்கம். முதலாளியின் படத்துக்கு ஒரு பக்கம். வானத்தில் ட்ரோன் பறக்கவிட்டு, மூன்று துளை போட்டு, நிலக்கரி என்று குப்பியில் வைத்துக் காட்டியது எனக்குக் கறுப்புக் களிமண்ணாகத்தான் தெரிந்தது.

யோகேஸ்வரியின் கிணற்றை நம்பி அவர் வயலும் முப்பத்தெட்டு வீட்டுக் குடங்களும் இருந்தன. அனுமதி கிடைத்தால் தீ மூட்டும் இடம் அங்கிருந்து நானூற்றுப் பத்து மீட்டர்.

ஜனவரி 22 அன்று மதுராந்தகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனியின் நிலவியலாளர் சுதாகர், யோகேஸ்வரியின் கிணற்றைத் தானே அளந்ததாகவும், இங்கே தண்ணீர் ஒன்பது மீட்டருக்குக் கீழே, அதுவும் சொற்பம், ஆகவே கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்றார். யோகேஸ்வரி எழுந்தார்.

“எத்தினி மணிக்கு சார் அளந்தீங்க?”

பதினொன்று இருபது என்றார் அவர், நொடிகூடப் பதிவாகியிருக்கிறது என்ற பெருமையோடு.

“ஒம்போது மணிக்கே மூணு பேஸ் வுட்டுட்டான். எங்க மோட்டார் ஓடிக்கினு இருந்துச்சு. உங்க காலாண்டதான் வாய்க்கால்ல தண்ணி போச்சு. அத்தப் பாக்கலியா?”

“வுடுக்கா,” என்றார் பின்வரிசையிலிருந்த விவசாயி தேசப்பன். “சாரு வானத்துல ட்ரோனப் பாத்துக்கினு இருந்திருப்பாரு.”

மண்டபம் சிரித்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி மறுபடி அளக்கச் சொன்னார். மறுநாள் ஐந்தரைக்கு 3.20 மீட்டர், பதினொன்று இருபதுக்கு 8.90. இரண்டுக்கும் சுதாகர் உடனிருந்தார், முதலாவதற்குக் கொட்டாவியோடு.

பத்து நாளில் திருத்திய அறிக்கை வந்தது. நீர்மட்டம் 6.05. படித்த மனிதர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். அந்தக் கிணறு ஒரு நாளும் அந்த மட்டத்தில் நின்றதில்லை. அந்தக் கிணற்றை அரசுக்காக அளப்பவர் என்ற முறையில் யோகேஸ்வரி கையெழுத்திடாமல் கோப்பு நகராது. சுதாகர் காரில் வந்து, மூடி திறந்த பேனாவை நீட்டி, சராசரி என்பது உலகம் ஒப்புக்கொண்ட முறை என்று விளக்கினார்.

“காலைல நாஸ்தா துன்னல, மதியம் ரெண்டு ஆளு சோறு துன்னேன். சராசரி போட்டு, ரெண்டு வேளையும் ஒயுங்கா துன்னேன்னு எய்துவியா? எடுத்துக்கினு போ சார்.”

கையெழுத்தில்லாத அறிக்கையை அதிகாரி திருப்பி அனுப்பினார். ஓராண்டு, மாதந்தோறும், விடியற்காலையில் அளந்து வரச் சொன்னார். அத்தனை சீக்கிரம் எழுவதைவிட ஊரைவிட்டுப் போவதே மேல் என்று கம்பெனிக்குப் பட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 27 அன்று துளையிடும் வண்டி கிளம்பியது. மூன்று துளைகளும் வாய் திறந்து கிடந்தன. மழை பெய்தால் சாக்கடையும் பூச்சிமருந்தும் அவற்றின் வழியே நேரே நிலத்தடி நீருக்குப் போகும். யோகேஸ்வரி வண்டியின் முன்னால் போய் நின்றார். ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார், பிறகு என்ஜினை அணைத்துவிட்டு யாருக்கோ போன் செய்தார்.

துளைகளைக் கம்பெனி ஆட்கள் சிமெண்டால் அடைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நூற்று அறுபத்து மூன்று மூட்டை. அதுவரை வண்டி நகரவில்லை.