போர்கோ வெக்கியோவில் நான் மாட்டிய பூட்டு

பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற தமிழருக்கு வியாழன் மத்தியானத்தோடு விடுதலை. மற்றவர்கள் கடற்கரையில் குந்தியிருந்து கதை அளப்பார்கள். நானும் மனைவியும் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் இருந்த மெக்சிக்கோக்காரனின் தாக்கோக் கடைக்குப் போவோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்தக் கடையைக் கண்டுபிடித்த முதல் தமிழன் நான்தான். சந்தேகமிருந்தால் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

அவன் கப்பலில் சமையல்காரனாக வந்து, துறைமுகத்தில் இறங்கி, திரும்பி ஏறாமல் விட்டவன். கடையில் நான்கு முக்காலிகளும் ஒரு அடுப்பும்தான். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, அரைத்து, கையால் தட்டி ரொட்டி சுடுவான். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு! அந்த ரொட்டிக்குள் பன்றி இறைச்சியும் வெங்காயமும் கொத்தமல்லி இலையும் வைத்து மடித்தால் தாக்கோ. கொத்தமல்லி அங்கே லேசில் அகப்படாது. என் மனைவி பல்கனியில் பழைய வாளி ஒன்றில் வளர்த்து, வியாழன்தோறும் ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

முதல் நாள் நான் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இறைச்சியோடு சோறு மாதிரிக் குழைத்ததைக் கண்டு அவன் தலையில் கை வைத்தான். பிறகு அவனுடைய பச்சைமிளகாய்ச் சம்பலைக் கரண்டியால் அள்ளித் தின்று காட்டினேன். அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை.

அந்தக் கோடையில் இன்னொரு ஆளும் அங்கே வரத் தொடங்கினான். மடிப்புக் கலையாத சட்டை. எதுவும் சாப்பிட மாட்டான். மெக்சிக்கோக்காரனிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்பான். அவன் இல்லையென்று தலையாட்டுவான். கப்பம் கேட்கிறான் என்பது என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கே விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் கடைகளுக்கு ஆட்கள் வந்து போனதைப் பார்த்தவன் நான்.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ, போவம்,” என்றாள் மனைவி. “அந்தாளின்ரை பார்வை சரியில்லை.”

“நான் இருக்கேக்கை உமக்கென்ன பயம்?”

“நீங்கள் இருக்கிறதுதான் எனக்குப் பயம். சும்மா இருக்க மாட்டியள்.”

அடுத்த வியாழன் கடை பூட்டிக் கிடந்தது. மெக்சிக்கோக்காரன் படியில் இருந்தான். ஆமைப்பூட்டின் துவாரத்துக்குள் யாரோ தீக்குச்சியை முறித்துச் செருகி, மேலே பசையை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். காலையிலிருந்து தெரு முழுக்க இரும்பு அறுக்கிற வாள் ஒன்று இரவல் கேட்டிருக்கிறான். ஒருவரும் கொடுக்கவில்லை. எதிரே மீன்காரன் தன் மீனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்று திறக்காவிட்டால் பிறகு இது என் கடை இல்லை, அமீகோ,” என்றான் மெக்சிக்கோக்காரன்.

எங்கள் எசமானிகளான சின்யோராமாரின் வீடுகளில் குழாய் திருத்துகிறவன் நான். குறடும் வாளும் அரமும் போட்ட ஆயுதப் பை எப்போதும் என் தோளில் கிடக்கும். இரும்பு அறுக்கிற வாளை எடுத்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

“விசரே உங்களுக்கு? இந்த நாட்டிலை இருக்கிறதுக்கே எங்களுக்கு இன்னும் பெர்மெஸ்ஸோக் கடதாசி வரேல்லை!”

“கையை எடும். இது என்ன பெரிய பூட்டோ?”

ஒரு சிகரெட் புகைக்கிற நேரத்தில் பூட்டு இரண்டாகி விழுந்தது. அவன் அடுப்பை மூட்டினான். நாங்கள் சாப்பிட்டோம். அன்றைய இறைச்சியைப் போல ஒன்று நான் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை.

இரண்டாவது தாக்கோவில் அந்த ஆள் உள்ளே வந்தான். வெட்டின பூட்டைக் கையில் எடுத்து நிறை பார்த்தான்.

“நல்ல கை,” என்றான் என்னிடம். “முழங்கால் நோவுள்ள சின்யோராவின் சமையலறைக் குழாய் இப்போது ஒழுகுகிறதில்லையா?”

நான் வேலை செய்கிற வீட்டை அவனுக்கு யார் சொன்னது? பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அவள் வேலை செய்கிற தெருவின் பெயரையும் சொன்னான். அவளுடைய தாக்கோ வாய்க்குக் கிட்ட நின்றுவிட்டது.

கடதாசிப் பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றையும் மூன்று சாவிகளையும் எடுத்து வைத்தான். “வெட்டியவனே மாட்டட்டும்.”

நான் மெக்சிக்கோக்காரனைப் பார்த்தேன். வழக்கம்போல இல்லையென்று தலையாட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு, மாட்டு என்பதுபோலக் கண்ணைத் தாழ்த்தினான்.

மாட்டினேன். வேலையில் குறை வைக்கிறவன் அல்ல நான். வளையத்தின் துருவைக்கூட அரத்தால் தேய்த்து எடுத்தேன். அந்த ஆள் ஒருமுறை பூட்டி, ஒருமுறை திறந்து பார்த்தான். ஒரு சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் நீட்டினான். மெக்சிக்கோக்காரன் இரண்டு கைகளாலும் வாங்கினான்.

வீடு வரைக்கும் வேகமாக நடந்தோம். வாசலில் நான் சாவியை எடுத்தேன். மனைவி என்னை விலக்கிவிட்டு, குனிந்து, எங்கள் கதவின் சாவித் துவாரத்துக்குள் பார்த்தாள்.