வேல்ஸ் தாத்தாக்கள் என் காலைப் பிடித்து இழுத்த சனிக்கிழமை

நியூசிலாந்துக்காரராக நிற்க வேல்ஸ்காரர் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. நடிப்புக்குக்கூட. அதனால்தான் திருச்சியில் பிறந்து, விளையாட்டு பீரியடில் தலைவலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்த நான், நாற்பத்தெட்டு வயதில் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு 1905ஆம் ஆண்டின் ரக்பி வீரராக ஓட நேர்ந்தது.

என் இளைய மகளுக்குச் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் மளிகைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய ஹாலின் பக்கவாட்டு அறையில் நடக்கும். பெரிய கூடத்தை அதே நேரத்தில் ஒரு வேல்ஸ் பாடகர் குழு வாடகைக்கு எடுத்திருந்தது. பதினொரு பேர். எழுபதுக்குக் கீழே யாருமில்லை. எங்கள் பிள்ளைகள் உள்ளே "அம்மா, ஆடு, இலை" என்று கத்த, அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் கூரை அதிரப் பாடுவார்கள். பெற்றோராகிய நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஃபிளாஸ்க் காபியோடு இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்போம்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் அந்தக் குழுவின் தலைவி எங்களை நோக்கி வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், குள்ளமான உருவம், எல்லோரையும் "கரியாட்" என்றுதான் அழைப்பார். அவர்கள் மொழியில் "கண்ணு" என்று அர்த்தமாம்.

"கரியாட்களே, உங்களில் ஓடத் தெரிந்தவர்கள் யார்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மார்ச் முதல் தேதி அவர்கள் நாட்டுத் துறவியின் திருநாள். அந்த வாரச் சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி போடுகிறார்கள். வேல்ஸில் 1905 என்ற ஒரே ஒரு வருடத்தை மேடையில் காட்டுவது. ஏன் அந்த வருடம் என்று கேட்டேன். "அந்த வருடம் எங்களுக்கு எல்லாமே நடந்தது" என்றார். தெருத் தெருவாகப் பக்தி எழுச்சி. சுரங்கத் தொழிலாளிகள் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்திவிட்டதால், அதைக் கேட்டே பழகிய சுரங்கக் குதிரைகள் உத்தரவு புரியாமல் நின்றுவிட்டதாக ஒரு கதை. ஜூலையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பெரிய வெடிவிபத்து. அக்டோபரில் கார்டிஃப் ஊருக்கு நகரம் என்ற அந்தஸ்து. டிசம்பரில், அதுவரை அந்தப் பயணத்தில் யாரிடமும் தோற்காத நியூசிலாந்து ரக்பி அணியைக் கார்டிஃபில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள்.

அந்தக் கடைசிக் காட்சிக்குத்தான் ஆள் இல்லை. அவருடைய குழு மறுத்துவிட்டது. குழுவினரின் நியூசிலாந்து மருமகன்களும் பேரன்களும் "தோற்பதற்கு நாங்கள் வர மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏனென்றால் அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு நியூசிலாந்து வீரர் பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து தரையில் வைத்துவிட்டதாகத் தலைவி சொன்னார். ரக்பியில் அதற்கு ட்ரை என்று பெயர், புள்ளி உண்டு. சாதாரணக் காலணியில் ஓடிய நடுவர் பின்தங்கி வந்து சேர்வதற்குள் வேல்ஸ்காரர்கள் அந்த வீரரைப் பின்னால் இழுத்துவிட்டார்களாம். நடுவர் புள்ளி கொடுக்கவில்லை. மறுநாள் அந்த வீரர் ஒரு பத்திரிகைக்குத் தந்தி அடித்தார்: நான் ட்ரை வைத்தேன். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்த ஊரில் அதைப் பற்றி வாக்குவாதம் செய்ய ஆள் கிடைக்கும்.

"ரெண்டு பக்கமும் சேராதவங்க வேணும்னா நாமதான்" என்றார் ஒரு அப்பா.

"நான் ரெஃபரி" என்று உடனே கையைத் தூக்கினார் மருந்துக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். "எனக்குக் கோட் சூட் இருக்கு. பிந்தி வாறதும் எனக்குப் பழக்கம்."

எல்லைக்கோட்டைத் தொடும் வீரர் வேடம் எனக்கு விழுந்தது. எடை குறைவாக இருந்தால்தான் தாத்தாக்களால் இழுக்க முடியும் என்பது மட்டுமே காரணம். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் என் கைப்பையில் இருந்தது.

அது ஒரு படிவம். என் மூத்தவளுக்குப் பதினாறு வயது, பள்ளிப் பெண்கள் அணியில் ரக்பி ஆடுகிறாள். அதற்கு முந்தைய ஆகஸ்டில் மனுகாவ் பக்கம் ஒரு மைதானத்தில், மழை ஈரத்தில், இரண்டு பேரோடு மோதி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பயிற்சியாளர் மண்டியிட்டுக் கேட்டார்: இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம், யார் ஜெயிக்கிறார்கள். கிழமையைத் தப்பாகச் சொன்னாள். காரில் வரும்போது "அம்மா, நாம ஜெயிச்சோமா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் முதல் முறை கேட்பதுபோல.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. மருத்துவர் பார்த்தார், ஓய்வு முடிந்தது, ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார். எனக்குத்தான் சரியாகவில்லை. நான் மென்பொருளைச் சோதிப்பவள். என்னென்ன தவறாகப் போகும் என்று கற்பனை செய்வதற்குத்தான் சம்பளம். இப்போதும் வீட்டில் ஏதாவது தொப்பென்று விழுந்தால் முதலில் என் நெஞ்சுதான் விழும்.

புது சீசனுக்கு அவள் சேர வேண்டுமானால் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அப்பா எப்போதோ பேனாவை எடுத்துவிட்டார். அவள் விடவில்லை. "நோ. அம்மாதான் போடணும். இல்லேன்னா ஒவ்வொரு மேட்ச்சுக்கும் அவங்க முகத்தைப் பார்க்க முடியாது." படிவத்தின் கடைசி வரி இது: இதில் உள்ள ஆபத்துகளை நான் புரிந்துகொண்டேன். சோதித்துப் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. மூன்று வாரமாகப் படிவம் பையிலேயே இருந்தது. மார்ச் முதல் திங்கட்கிழமை கடைசி நாள்.

நான் நாடகத்தில் ஓடப் போகிறேன் என்று தெரிந்ததும் மூத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு என்னைப் பின்புறப் புல்வெளிக்கு இழுத்துப் போனாள்.

"அம்மா, பலாப்பழம் மாதிரி தூக்காதே. ரெண்டு கையாலயும், நெஞ்சோட."

"விழும்போது?"

"சின் டக். தாடையை உள்ள வை. முதல்ல தோள், அப்புறம் உருளு. தலை தரையில படவே கூடாது."

"இதெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்களா?"

"அம்மா. ஆறு வருஷமா."

அவள் காட்டினாள். பத்து முறை விழுந்தாள், பத்து முறையும் பூனைபோல எழுந்தாள். நான் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தேன். பிறகு நான் விழுந்தேன், தலையணை மேல்.

ஒத்திகைகள் நன்றாக நடந்தன. ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து வீரர்கள் மாவோரிப் பழங்குடிகளின் போர் நடனமான ஹாக்காவை ஆடினார்கள், அதற்குப் பதிலாக வேல்ஸ் அணி தங்கள் தேசிய கீதத்தைப் பாட, கூட்டமே சேர்ந்து பாடியது என்பது வரலாறு. ஹாக்காவை நாங்கள் தொடக்கூடாது என்பதை ஹாலைப் பார்த்துக்கொள்ளும் மாவோரிப் பெண்மணி தெளிவாகச் சொன்னார். "அதை ஆடுறதுக்கு ஆளுங்க இருக்காங்க. நீங்க முறைச்சுப் பாருங்க, போதும்." முறைத்தோம். ஆனால் எதிரே பதினொரு கிழட்டுக் குரல்கள் தேசிய கீதத்தை எடுத்ததும் எங்கள் பதினைந்து பேரின் கைகளும் தாமாகத் தொடையோடு ஒட்டிக்கொண்டன. பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் நின்ற பழக்கம், எந்த நாட்டுக் கீதமானாலும் விறைத்துவிடுகிறோம். தலைவி பாட்டை நிறுத்தினார்.

"நீங்கள் எதிரிகள், கரியாட். இவ்வளவு மரியாதை வேண்டாம்."

"அசைந்தால் வாத்தியார் அடிப்பார்" என்றார் மலேசியாவிலிருந்து வந்த ஒரு அம்மா.

சுரங்கக் காட்சியில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களாகவும் எங்களைக் கேட்டார்கள். மற்றவர்கள் போனார்கள். எனக்கு ரக்பியே போதும் என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய்க் கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். தலைவி உள்ளே வந்தார். என் பக்கத்தில் நின்று ஒரு துணியால் கோப்பைகளைத் துடைத்துக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

நிகழ்ச்சி நாளில் ஹால் நிரம்பிவிட்டது. பாதி வேல்ஸ், பாதி நாங்கள், வாசலில் சில நியூசிலாந்து மருமகன்கள். இடைவேளையில் இஞ்சித் தேநீர், அவர்களுடைய உலர்திராட்சைத் தட்டைக் கேக், எங்கள் மசால் வடை. குதிரைக் கதைக்குப் பெரிய சிரிப்பு. கார்டிஃப் நகரமானபோது தாத்தா ஒருவர் மேயர் சங்கிலியாகக் கதவுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்தார். மூத்தவள் முதல் வரிசையில் தங்கையோடு போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு டிசம்பர். பந்து என் கைக்கு வந்தது. ஒத்திகையில் நான் எப்போதும் வேகமாக நடப்பேன், வெள்ளை டேப் ஒட்டிய இடத்தில் குனிந்து பந்தை வைப்பேன். அன்று என்னவோ தெரியவில்லை, கூட்டம் கத்தியது, கால்கள் ஓடின. தாடையை உள்ளே வைத்தேன். தோள், உருளல். பாயில் விழுந்து பந்தோடு டேப்பைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றேன். நிச்சயமாக ஒரு முழம். மூன்று தாத்தாக்கள் என் கணுக்காலைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே பின்னால் இழுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் கோட் சூட்டில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தார்.

"இல்லை!" என்றார். "கோட்டுக்கு இந்தப் பக்கம்!"

"நீங்க பார்க்கவே இல்லையே அண்ணா!"

"பார்க்காட்டி என்ன? நான் சொல்லுறதுதான்!"

மருமகன்கள் கூச்சலிட்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அசையாமல் கிடக்க வேண்டும் என்பது காட்சி, அதனால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அப்போது யாரோ என் தலைப் பக்கம் முழங்காலால் சறுக்கி வந்து நின்றார்கள். இரண்டு கைகள் என் தலையை இருபுறமும் பிடித்தன. கைகள் சில்லென்றிருந்தன.

"அம்மா. அசையாதே. டோன்ட் மூவ். இன்னிக்கு என்ன கிழமை?"

அவள் ஓடி வரும் காட்சி எழுத்துப் பிரதியில் இல்லை என்பது அந்த நொடியில் எனக்கு உறைக்கவில்லை. கூட்டம் பார்க்கிறது என்று நினைத்து வேடத்திலேயே பதில் சொன்னேன்.

"சனிக்கிழமை."

"எங்க இருக்க?"

"கார்டிஃப்."

"என்ன வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு."

கண்ணைத் திறந்தேன். என் மகளின் முகம் எனக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. ஆகஸ்டில் மைதான ஓரத்தில் நின்ற என்னை யாராவது படமெடுத்திருந்தால் அந்த முகத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.

"ஏய், நடிப்புடி! எனக்கு ஒண்ணும் இல்ல. ஆக்லாந்து. சான்ட்ரிங்ஹாம். உன் தங்கச்சி ரெண்டு வடை திருடியிருக்கா, நான் பார்த்தேன்."

அவள் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அழுதாள், பிறகு சிரித்தாள். தாத்தாக்கள் கைதட்ட, கூட்டம் அதையும் நாடகம் என்றே நினைத்தது. தலைவி மட்டும், நர்ஸ் அல்லவா, வந்து என் கண்ணில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

காரில் நான் பையைத் திறந்து படிவத்தையும் பேனாவையும் எடுத்தேன். அவள் படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நோ வே. இன்னிக்கு விழுந்திருக்க. விழுந்த அன்னிக்கு எதுவும் டிசைட் பண்ணக்கூடாது. ரூல்."

"எனக்கு அடியே படலடி. முழங்கைதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

நான் அவளுக்கு ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வசனம் அது. பின்சீட்டில் சின்னவள் வடையோடு சிரித்தாள்.

அன்று மாலை பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: நான் ட்ரை வைத்தேன். மருந்துக்கடைக்காரர் உடனே பதில் போட்டார்: அக்கா, முறைப்பாட்டைத் தந்தியில் அனுப்புங்கோ.

ஞாயிறு காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது மூத்தவள் படிவத்தோடு சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன கிழமை?"

"ஞாயிறு."

"எங்க இருக்கோம்?"

"ஆக்லாந்து. தோசை கருகுது."

"யார் ஜெயிச்சா?"

"வேல்ஸ். மூணுக்கு சைபர்." அடுப்பை அணைத்தேன். "ஆனா நான் வெச்சேன்."

"ஐ நோ. வீடியோ இருக்கு. சைன் ஹியர்."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். பேனாவை எடுத்து அதன் கீழே வைத்தேன். அவள் படிவத்தின் மூலையை எனக்காக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.