வயலினுக்கு அடியில் போன வசனம்

எங்கள் சித்திக்கு என் அம்மா மேல் பொறாமை. இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை, சித்தியே மறைத்ததில்லை. அப்பாவின் தம்பி மனைவி. கீழ் வீட்டில் இருக்கிறாள். அம்மா நகை வாங்கினாலும் புடவை வாங்கினாலும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அவளுடைய வயிற்றெரிச்சல் முழுக்க ஒரு பழைய படத்தில் அம்மா வாசித்த வயலின் மேல்.

அம்மா சினிமா இசைக்குழுவில் வாசித்தவள். சித்தி ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு படக் கம்பெனி ஆஸ்பத்திரிக் காட்சிக்கு இடம் தேடியபோது, சித்தி வேலை பார்த்த இடத்தை அம்மாதான் கைகாட்டினாள். படப்பிடிப்பன்று நர்ஸாக நடிக்க வேண்டியவள் வரவில்லை. உடுப்போடு நின்றுகொண்டிருந்த சித்தியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்து, அழுதுகொண்டிருக்கும் கதாநாயகியிடம், "அவர் கண்ணைத் திறந்துட்டார். உங்களைத்தான் கேக்கறார்" என்று சொல்ல வேண்டும். தலைக்கு மேல் மைக் தொங்கியது. சித்தி திணறாமல் சொன்னாள். அந்த மைக்கில் பதிந்ததுதான் படத்தில் வரும் என்று நம்பினாள்.

படம் வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போனது. அப்போது சித்திக்குப் பிரசவ சமயம், பார்க்க முடியவில்லை. வருஷங்கள் கழித்து டிஸ்க்காக வந்தபோதுதான் சனி பிடித்தது. சித்தி கதவைத் திறக்கிறாள், வாயைத் திறக்கிறாள், உடனே அம்மாவின் வயலின் கிளம்புகிறது. உதடு அசைவது மட்டும்தான் தெரியும்.

இந்தப் பழைய படங்களை டிஸ்க்கில் போட்டவர்கள் மேல் எனக்கும் தனியாக ஒரு கடுப்பு உண்டு. பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும்; இசை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். எங்கள் வீட்டில் ரிமோட் உத்தியோகம் என்னுடையது. விருந்தாளி யார் வந்தாலும் சித்தி மாடியேறி வந்து அந்தப் படத்தைப் போடச் சொல்லுவாள். கதவு திறந்ததும் "ஏத்துடி, ஏத்து" என்பாள். ஏற்றினால் வயலின் காதைக் கிழிக்கும். இறக்கினால் ஒன்றுமே கேட்காது. விருந்தாளியும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் போவார்: "வயலின் பிரமாதம்."

"ரம்பம்" என்பாள் சித்தி. "ஒருத்தி வாயைத் திறக்கிற நேரம் பார்த்தா மரம் அறுக்கணும்?"

"வாசின்னாங்க, வாசிச்சேன்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அதற்காக நாங்கள் பெரிய ரசிகர்கள் என்று இல்லை. அம்மா வயலினை எடுத்தால் அப்பா பேப்பரோடு வாசலுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம்.

சித்தி தன் பையனுக்குக் கல்யாணம் செய்த பிறகு இந்தப் புகைச்சல் முற்றிவிட்டது. சம்பந்தியம்மாள் ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "நிஜமாவே பேசினீங்களா, இல்ல சும்மா வாயசைச்சீங்களா?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டாள். சித்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. எப்படியாவது அந்த அம்மாள் காதில் தன் குரலைப் போட்டுவிட வேண்டும் என்று கிடந்தாள்.

போன மாதம் டிஸ்க் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: அதே படம், சத்தத்தைச் சரிசெய்து புதிதாக வந்திருக்கிறது, வசனம் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். சித்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தி வீட்டாரை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். "இன்னிக்கு ரம்பம் வாலைச் சுருட்டிக்கும்" என்று அம்மா காதில் விழும்படியே சொன்னாள்.

கதவு திறந்தது. வயலின் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. வசனம் பளிச்சென்று வந்தது: "அவர் கண்ணைத் திறந்துட்டார். உங்களைத்தான் கேக்கறார்."

மெல்லிய, குழைவான குரல். சித்தியின் குரல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அதட்டிப் பழகிய கட்டைக் குரல்.

"வயசானா குரலும் மாறத்தான் செய்யுது" என்றாள் சம்பந்தியம்மாள், மரியாதைக்கு. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

சித்தியின் முகம் சுண்டிப் போயிருந்தது. என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி, பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். "யார் இவ?" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"வாசிச்ச அன்னிக்கே தெரியும். படத்தை ஓடவிட்டுத்தானே வாசிப்போம். உன் முகம், எவளோ ஒருத்தி குரல்."

"இத்தனை வருஷமா உங்களைக் கரிச்சுக் கொட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தது.

"உனக்காவது முகம் தெரியுது. என் முகம் அதுல எங்க இருக்கு? சொல்லியிருந்தா நீ அந்தப் படத்தையே தூக்கிப் போட்டிருப்ப. இந்த வீட்டுல என் வயலினைக் காது குடுத்துக் கேட்டவ நீ ஒருத்திதான்."

அப்பா கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். எனக்கு அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சித்தி மறுபடியும் படத்தைப் பின்னால் ஓட்டினாள். கதவு திறந்தது, அந்தக் குழைவான குரல் பேசி முடித்தது. சித்தி அதைக் கவனிக்கவில்லை. டிவியின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நாசமாப் போறவனுங்க" என்றாள். "இதுல உங்க அந்த ரெண்டாவது இழுப்பையே காணோமேக்கா."