மூன்று முறை சரிபார்த்த டிரைவ்

எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்து ஆஸ்டினின் வீடியோ ஸ்டுடியோ. மேற்குத் தாம்பரத்தில் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பான்.

கெசியாவின் கல்யாண வீடியோவையும் மூன்று முறை சரிபார்த்துத்தான் கொடுத்தான். பம்மல் அமலராணி டீச்சரின் மகள் அவள். கல்யாணமாகிப் பத்தாம் நாள் அப்பா சத்தியநாதன் மாரடைப்பில் போய்விட்டார். சர்ச்சுக்குக் கிளம்புமுன் மகளின் நெற்றியில் அவர் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தது அந்த வீடியோவில்தான் இருந்தது. அவர் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் வீடியோ இருந்த டிரைவைக் கொடுத்துவிட்டு வந்து, இடம் போதவில்லை என்று தன் மேக் லேப்டாப்பில் இருந்த காப்பியை அழித்துவிட்டான் ஆஸ்டின்.

மூன்று முறையும் அதே மேக்கில்தான் ஓட்டிப் பார்த்தோம் என்பது அந்த மகா ஜாக்கிரதைக்காரனுக்கு உறைக்கவில்லை. டீச்சர் வீட்டில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். மேக்குக்கென்றே பார்மட் செய்த டிரைவ் அதில் திறக்காது.

மறுநாள் காலை ஆஸ்டினுக்கு டீச்சரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“தம்பி, டிரைவை பார்மட் பண்ணணும்னு வருது. ஓகே குடுத்துடவா?”

“ஐயோ டீச்சர், வேணாம்! எல்லாம் அழிஞ்சிடும்!”

அதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

மேக்கைப் பையில் திணித்துக்கொண்டு என் வண்டியில் ஏறினான்.

“கஸ்தூரி அண்ணா, சீக்கிரம்ணா. அழுத்தியிருந்தாங்கன்னா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

பம்மல் போய்ச் சேர்வதற்குள் எனக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. பார்மட் செய்யவா என்ற கேள்வி அப்படியே திரையில் நின்றிருந்தது. டீச்சர் இரண்டு கைகளையும் மடியில் கோத்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார்.

“போன்ல சார்ஜ் போயிடுச்சு தம்பி. நீங்க சொன்னது எதுவும் கேக்கல. அவர் போனதுலேர்ந்து எதுக்குமே நானா ஓகே சொல்ல பயமா இருக்கு.”

ஆஸ்டினுக்கு அழுகையே வந்துவிட்டது. டிரைவைக் கழற்றி மேக்கில் செருகினான். வீடியோவில் சத்தியநாதன் மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “அமலா, எங்க இருக்க? வா” என்றார்.

“இதோ வரேங்க” என்று எழுந்துவிட்டார் டீச்சர்.