சூடேறாத வண்டி

அண்ணனின் காரில், வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில், அரை ரூபாய் நாணயம் அளவில் ஒரு சின்ன வட்டம் உண்டு. அதன் இடது ஓரத்தில் குளிருக்கு சி என்றும் வலது ஓரத்தில் சூட்டுக்கு எச் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் அதற்குள் இருந்தது. அப்போதெல்லாம் அந்த முள் சி என்ற எழுத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. காலையில் தருமபுரி போய் மாலையில் திரும்பினாலும் எழுந்திருக்காது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு எழுத்துகளையும் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் ஏரியூர்ப் பக்கம். அண்ணன் பள்ளிக்கூடம் போகாதவர். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, மூன்று பேர் ஓட்டிக் கழித்த ஒரு காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்து, தருமபுரியில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்த்ததும் அவர்தான். ஒருமுறை கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனபோது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. தருமபுரி மெக்கானிக் பாய் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு வால்வை எடுத்து வீசிவிட்டார். அதன்பின் வண்டி கொதிக்கவில்லை. முள்ளும் எழவில்லை.

வண்டியை முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று காரிலேயே கிடந்தது. ஒரு விடுமுறையில் அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். பாய் எடுத்ததன் பெயர் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அது வழியை அடைத்து வைக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறாது; பெட்ரோலைக் குடிக்கும்; குளிர் நாளில் இருமி இருமி நிற்கும். பட்டறைக்கே போய் இதைச் சொன்னேன். பாய் ஸ்பேனரைத் துடைத்தபடி சிரித்தார்.

“வாத்தியாரம்மா, அது இங்கிலாந்து குளிருக்கு எழுதுன புக்கு. தொப்பூர் ஏத்தத்துக்கு நாந்தான் புக்கு.”

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மார்கழியில் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். விடிவதற்குச் சற்று முன்னால் அண்ணிக்கு வலி கண்டது. அது இரண்டாவது பிள்ளை. முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அண்ணியைப் பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தோம். அவருடைய அம்மாவும் எங்களை வளர்த்த பெரியம்மாவும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் வண்டி நான்கு முறை நின்றது. ஒவ்வொரு மேட்டிலும் இருமியது, குலுங்கியது, நின்றது. அண்ணன் இறங்குவார், மூடியைத் திறப்பார், ஏறுவார். “ஏங்க, இன்னும் எவ்ளோ தூரம்?” என்று அண்ணி கேட்டார். “தோ, வந்துட்டம்” என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொன்னார். தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

வராந்தாவில் பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் டாக்டரம்மாவின் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து நின்றார். அண்ணியின் அம்மாவுக்கு எதிரிலேயே பெரியம்மா சொன்னார்: “மொதலு அஞ்சு மாசத்துல போச்சு. இது இப்பிடி. இவ வயித்துல தங்காதுடா. தை பொறந்ததும் உனக்கு வேற எடம் பாத்துரலாம்.” அண்ணியின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். உள்ளே படுத்திருந்த அண்ணிக்கும் கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது.

அப்போது நான் பேசினேன். “நான் அப்பவே சொன்னேன். அந்த வால்வு இருந்திருந்தா வண்டி நின்னிருக்காது. நேரத்துக்கு வந்திருக்கலாம்.” அண்ணியைக் காப்பாற்ற நான் அதைச் சொல்லவில்லை. பட்டறையில் பட்ட அவமானத்துக்குப் பதிலாகத்தான் சொன்னேன். எப்படிப் பார்த்தாலும் அது உண்மை.

பெரியம்மா அண்ணனைப் பார்த்தார். “அப்ப வண்டியாலயாடா?”

அண்ணன் திறந்திருந்த கதவைப் பார்த்தார். “ஆமா பெரிம்மா. வண்டியாலதான்.”

அண்ணியை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் என் கையில் கொடுத்தார்கள். அதில் குழந்தையைப் பற்றி எழுதியிருந்த ஒரு சொல் எனக்குப் புரியவில்லை. நர்சைக் கேட்டேன். “உள்ளயே உசிரு அடங்கி மூணு நாளு இருக்கும்மா. தோலெல்லாம் ஊறிப்போயிருந்துச்சு. நீங்க பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை வழியில் இருந்த மைல் கற்களைப் படித்துக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அண்ணன் சேலம் போய்ப் புது வால்வு வாங்கிவந்தார். பட்டறைக்குக் கொண்டுபோகாமல், வீட்டு வாசலில், ஊர் நடமாடும் நேரத்தில் காரைத் திறந்து வைத்தார். பாயை வரவழைத்திருந்தார். வால்வு உட்காரும் இடம் எஞ்சினின் பின்பக்கத்தில், குழாய்களுக்கு அடியில், தகரச் சுவரை ஒட்டி இருந்தது. பாய் கையை நுழைத்துப் பார்த்தார். “அன்னிக்கு மேல் சாமானெல்லாம் கழட்டித்தான் எடுத்தேன். இன்னிக்கும் கழட்டணும். ரெண்டு நாளாவும்” என்றார். அன்று அவர் கேலி பேசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. “வேணாம் பாய். பாப்பா கை உள்ள போவும்” என்றார் அண்ணன்.

என் கை நுழைந்தது. ஒரு நட்டு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்று பின்னால், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூடியைக் கழற்றி, தண்ணீர் கசியாமலிருக்க ஒட்டியிருந்த பழைய காகிதத்தைச் சுரண்டி, வால்வை உள்ளே வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. முழங்கை வரை மரத்துப்போய், யாருடைய கையோ உள்ளே வேலை செய்வதுபோல் இருந்தது. பாய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தார்.

“அண்ணா, கொழந்த வண்டியில ஏறுறதுக்கு மின்னாலயே...”

“நட்டு ஏறுதா பாரு.”

“ஏறுது. அண்ணா, அந்தச் சீட்டுல...”

“தெரியும் பாப்பா. டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு வண்டியாலன்னு சொன்னீங்க?”

அவர் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வண்டி போனா வேற வண்டி பாத்துக்கலாம். உங்க அண்ணிக்கும் தெரிய வேணாம். வண்டி மேலயே இருக்கட்டும்.”

தெருவில் போன ஒரு மாமா நின்று, “என்னப்பா, ரிப்பேரா?” என்றார். “ஆமா மாமா. இந்தச் சாமான் இல்லாமத்தான் அன்னிக்கு வண்டி கழுத்தறுத்துருச்சு” என்று அண்ணன் உரக்கச் சொன்னார். அடுத்த வீட்டு வாசல்வரை கேட்டிருக்கும். தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினோம். முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம்.

வேறு இடம் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் வண்டிக்குப் பெயர் கெட்டது. “புள்ளையக் காவு வாங்குன வண்டி” என்றார்கள். முதலில் பிரசவத்துக்குக் கூப்பிடுவதை விட்டார்கள், அப்புறம் கல்யாணத்துக்கு. அதுவரை ஒருநாளும் ஓடாத அளவுக்கு அது நன்றாக ஓடிய காலம் அதுதான். வருஷம் முடிவதற்குள் அண்ணன் அதை விற்றுவிட்டு, மறுபடி யாருடைய லாரிக்கோ டிரைவராகப் போனார். இரண்டாம் ஆண்டு அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. தெருவில் கார் சத்தம் கேட்டால் அண்ணி இன்றும் சொல்வார்: “அந்த வண்டி மட்டும் நல்லா இருந்திருந்தா எம் பையனுக்கு எட்டு வயசு.” யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்துகிறவள் என்று எனக்குப் பெயர். அண்ணி அதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து வேறு வேலை பார்ப்பேன்.

இதைப் பத்திரிகைக்கு எழுதும் துணிச்சல், அண்ணனுக்கும் அண்ணிக்கும் படிக்கத் தெரியாது என்பதால் வந்தது. ஆனால் அண்ணன் மகள் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படிக்கிறாள். போன வாரம் பருப்பு கட்டிவந்த தாளை விரித்து வைத்து, எழுத்துக் கூட்டி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஏதோ பழைய பத்திரிகையின் பக்கம். அண்ணி அடுப்பை விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். நடுவில் இரண்டு சொற்களைத் தப்பாகப் படித்தாள். நான் திருத்தவில்லை.