ரெத்தினதாஸின் ஒரு சொல்லும் ஒரு நாயும்

பாறசாலை சந்தையில் சுமடு எடுத்த ரெத்தினதாஸுக்கு வாய்தான் பலம். தலையில் மரச்சீனிக் கிழங்குச் சாக்கு இருக்கும்போதே நாலு பேரிடம் சண்டை பிடிப்பார். போன வருஷம் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வாய் கோணிப்போனது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை பாதி வந்தது. பேச்சில் மட்டும் ஒரே சொல் மிஞ்சியது. போட்டு.

போகட்டும், விட்டுத் தள்ளு என்பதற்கு இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஸ்ட்ரோக் வந்த சிலருக்கு ஒரு சொல் மட்டும் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றார் டாக்டர். அவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்த வேண்டியது பெண்டாட்டி சரோஜம் அல்லவா.

"கஞ்சி குடிக்குதீரா?"

"போட்டு."

"வேண்டாமா?"

"போட்டு."

"பின்ன நான் எங்கயாவது போய்ச் சாவட்டா?"

"போட்டு."

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வருஷம் முழுக்கக் கேட்டவளுக்கு வராது.

எர்ணாகுளத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஷிஜாதான் நாய்க்கு ஏற்பாடு செய்தாள். தெரப்பி நாயாம். நெய்யாற்றின்கரைப் பக்கம் பிஜு என்று ஒருவன் நாய்களைப் பழக்கி, சுகமில்லாதவர்கள் வீட்டில் கொண்டு விடுகிறான்.

"அது பக்கத்தில கெடந்தாலே அப்பாவுக்கு மனசு தெளியும் அம்மா."

"எனக்க மனசுக்கு எந்த நாய் உண்டு மக்கா?" என்று போனில் கேட்டாள் சரோஜம்.

வந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு லாப்ரடார் பெட்டை. பெயர் பெல்லா. இரி என்றால் உட்காரும், கிட என்றால் படுக்கும் என்று பிஜு செய்து காட்டினான். அவன் வண்டி வளைவு திரும்பியதும் அத்தனையும் மறந்துபோனது. பெல்லா என்று கூப்பிட்டால் காதைக்கூட ஆட்டாது. காயப்போட்ட மரச்சீனி வற்றலைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு உடுக்க எடுத்துவைத்த சேலையில் ஏறிப் படுத்தது.

ரெத்தினதாஸுக்கு நாயென்றாலே ஆகாது. அது மடியில் தலையை வைத்தால் இடது கையால் தள்ளி, "போட்டு, போட்டு" என்பார். நாய் அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அவர் வாய் திறந்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். விரட்ட விரட்ட நெருங்கும். மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டப் பார்ப்பார். வருவது அந்தச் சொல்தான். நாய்க்குப் பரம சந்தோஷம்.

கொஞ்ச நாளில் அந்தச் சொல் மாற ஆரம்பித்தது. முன்பெல்லாம் எல்லாப் போட்டுவும் ஒன்றுபோலச் செத்துக் கிடக்கும். இப்போது விரட்ட ஒரு போட்டு, கூப்பிட ஒரு போட்டு, நாயைக் காணவில்லை என்றால் பதறி ஒரு போட்டு. ஒரு நாள் அதைத் தேடித் தானே படியிறங்கினார். பிடிக்கப் போன சரோஜத்தின் கையைத் தட்டிவிட்டார்.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அத்தனை போட்டுவில் ஒன்றுகூடத் தன் பக்கம் வரவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. கழுவுவதும் துடைப்பதும் இவள். கூப்பிடுவது நாயை. அவித்துவைத்த மீனை அது சட்டியோடு உருட்டிய அன்று சரோஜம் பிஜுவுக்குப் போன் போட்டாள்.

"மக்கா, வந்து இத கொண்டு போ. எனக்கு ஒரு நோயாளி போதும்."

பிஜு ஆட்டோவோடு வந்தான். வராந்தாவில் நாற்காலியில் இருந்த ரெத்தினதாஸிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டான்.

"சேட்டா, இவளை கொண்டுபோகட்டே?"

"போட்டு," என்றார் அவர்.

"கண்டோ சேச்சி, சேட்டனுக்கு சம்மதமாணு."

நாய் அவரிடம் போக வாரை இழுத்தது. பிஜு தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். அவர் இன்னும் சத்தமாக, "போட்டு" என்றார். "சரி சேட்டா, தா போகுந்நு" என்று அவன் கிளம்ப அவசரப்பட்டான். அவர் நாயைக் கூப்பிடுகிறார் என்பது சரோஜத்துக்குத் தெரியும். சொன்னாளா? சொல்லவில்லை. வேண்டும் என்றால் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று தூணில் சாய்ந்து நின்றாள்.

ரெத்தினதாஸ் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "போ... போ..." என்று திக்கினார். பிஜு ஆட்டோவைக் கிளப்பினான்.

"போண்டாம்."

போக வேண்டாம் என்று வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்டது, சந்தையில் கேட்ட அதே குரல். பிஜு எஞ்சினை அணைத்தான். சரோஜம் அடுக்களைக்குள் போய், முகத்தைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு வந்தாள். கண்ணீர் பாதி, எரிச்சல் பாதி.

"கெட்டினவளுக்கு அந்தப் பழைய போட்டு. நாய்க்குப் புதுசாட்டு ஒண்ணு," என்றாள். "எலே பிஜு, அத எறக்கி விடு. கொண்டு போனா இவரு என்னைக் கடிப்பாரு."

அதற்குப் பிறகாவது நிம்மதி உண்டா? கஞ்சிக்குப் போண்டாம். குளிக்கப் போண்டாம். மாத்திரைக்குப் போண்டாம். போனில் ஷிஜா சந்தோஷப்பட்டாள்.

"எல்லாத்துக்கும் சம்மதிச்சிட்டு பாவமாட்டு கெடந்த மனுஷன் மக்கா," என்றாள் சரோஜம். "இப்ப பழைய ரெத்தினதாசாக்கும். நீ வந்து குளிப்பாட்டிப் பாரு."

போன சனிக்கிழமை வெள்ளறடையில் இருக்கும் அக்கா பிரேமகுமாரி வீட்டுக்குப் போகச் சேலை மாற்றி, குடையும் எடுத்துக்கொண்டாள்.

"இஞ்ச பாரும், நான் அக்காவ பாத்துட்டு சாயங்காலம் வாறேன்."

"போண்டாம்."

நாய் அவர் காலடியில் உறங்கிக் கிடந்தது. அதனிடம் சொல்லவில்லை. குளிக்கச் சொன்னால் வருகிற போண்டாம்தானா இதுவும், இல்லை வேறா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கோணல் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஆருகிட்ட சொல்லுதீரு? எனக்கிட்டயா?"

"போண்டாம்."

"ஒரு நாளு ஒரு எடத்துக்குப் போவ விடமாட்டீரு," என்று குடையை மூலையில் எறிந்தாள். ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, வர வழியில்லை, இந்த மனுஷன் விடமாட்டேங்குதாரு என்றாள். அக்கா சரி என்ற பிறகும், "விடமாட்டேங்குதாரு" என்பதை மட்டும் இன்னொரு தடவை சொன்னாள்.