ஜெயம்மாள் நாக்கில் வைத்தது

வடக்கனந்தல் ஜெயம்மாளின் குழம்பு ஒருநாள் கடலாக இருக்கும், ஒருநாள் கஞ்சித்தண்ணியாக இருக்கும். கொதிக்கும்போது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கூட வருகிற பெண்கள், "உனக்கு இன்னா, நாக்கு செத்துப்போச்சா" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவாள். காரணத்தை மட்டும் எவளிடமும் சொன்னதில்லை.

காரணம், எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் புருஷன் சின்னதுரை மத்தியானம் பாக்கெட் சாராயத்தோடு வந்தான். அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. ஒரு மடக்கு குடித்தவன் முகத்தைச் சுளித்து, "இன்னாவோ மாதிரி கீதுடி, நீ கொஞ்சம் பாரு" என்று டம்ளரை நீட்டினான். இவளுக்கு எரிச்சல். விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு, "எப்பவும் போலதான் கீது, குடிச்சிட்டுக் கெட" என்றாள். எப்பவும் போல என்று சொல்ல அவள் என்றைக்கு அதைக் குடித்துப் பார்த்தாள்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சாயங்காலமே கண் மங்குகிறது என்றான். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. விஷச் சாராயம் என்றார்கள். விற்றவனை ஊரே மண்ணை வாரித் தூற்றியது. ஜெயம்மாள் மட்டும் தூற்றவில்லை. கொன்றது தன் நாக்கு என்று அவள் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மகள் தமிழ்மொழிக்கு அப்போது வயது பதினாலு. அம்மாவுக்கு நேர்மாறு, அவளுக்கு நாக்கு நாலு முழம். ரேஷன் அரிசி மூட்டை மாறினால் முதல் கவளத்திலேயே சொல்லிவிடுவாள். கேட்டரிங் படித்தாள். வெள்ளிமலைப் பக்கம் புதிதாக வந்த விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஜெயம்மாள் போனில் வாரம் தவறாமல் கேட்பாள்: "குடிக்கறவனுங்களுக்கு ஊத்திக் குடுக்கற வேல இல்லியே?" மகளும் வாரம் தவறாமல், "அதெல்லாம் இல்லம்மா" என்பாள்.

போன மாசியில் ஒருநாள் கரும்பு வெட்டு இல்லை. கருவாட்டுத் தொக்கு செய்து எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கு பஸ் ஏறினாள். பகல் பதினோரு மணிக்கு விடுதியில் போய் நின்றால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள். மேசைமேல் ஆறு பாட்டில், ஆறிலும் செய்தித்தாள் சுற்றியிருந்தது. கையில் கண்ணாடி டம்ளர், அதில் ரத்தச் சிவப்பாக என்னவோ. மகள் அதை மோந்து பார்த்தாள். அப்புறம் வாயில் ஊற்றிக்கொண்டாள்.

ஜெயம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் வாயைக் கொப்பளித்து ஒரு வாளியில் துப்பினாள். மற்றவர்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். ஜெயம்மாளுக்கு இருந்த உயிரும் போயிற்று. துப்புகிறாள் என்றால் கெட்டதாகத்தானே இருக்கவேண்டும்?

பாய்ந்து உள்ளே போய் மகளின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டாள். "துப்புடி. இன்னும் துப்புடி. யாராவது உப்புத் தண்ணி கொண்டாங்க."

"ம்மா, வுடும்மா. கெட்டதில்லம்மா, ஒயின்தான். ருசி பாத்துட்டுத் துப்பறதுதான் என் வேலையே."

பக்கத்தில் இருந்த மேனேஜர் தீனதயாளன் திருக்கோவிலூர்க்காரர், நிதானமான மனுஷன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்கம்மா. விலை ஜாஸ்தி சரக்க பேரப் பாத்தே வாங்கிடுவாங்க. தினம் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் கேக்கறவங்களுக்கு விலை கம்மியாவும் இருக்கணும், வாய்க்கும் நல்லா இருக்கணும். அத கண்டுபுடிக்கத்தான் நாக்கு வேணும். பேரு தெரியக்கூடாதுன்னுதான் பேப்பர் சுத்தி வெச்சிக்கறோம். உங்க பொண்ணு ஒரு சொட்டு முழுங்காதுங்க."

மகள் டம்ளர்களைக் காட்டினாள். அம்மாவிடம் பொய் சொன்ன வெட்கத்தில் பேச்சு வேகமாக வந்தது. ஒன்று நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கைப் பிடிக்கிறதாம். ஒன்று பாகு முற்றிய வெல்லமாம், மிளகுக் கறிக்கு ஒத்துவராதாம். மூன்றாவது புளித்தே போய்விட்டதாம், யாருக்கும் ஊற்றக்கூடாதாம். நாலாவதுதான் நல்லதாம், ஆறில் அதுவே மலிவாகவும் இருக்கும் என்பது அவள் கணக்கு. தீனதயாளன் பேப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அதேதான்" என்று சிரித்துக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் போனார்.

ஜெயம்மாள் சிரிக்கவில்லை. மகளைத் திட்டவுமில்லை. எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வி வெளியே வந்தது.

"உங்கப்பா அன்னிக்குக் குடிச்சாரே, அத நீ இப்பிடி வாயில வெச்சிப் பாத்திருந்தா, விஷம்னு சொல்லியிருப்பியா?"

தமிழ்மொழி டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லம்மா. சாராயத்துல ஆயிரம் நாத்தம் இருக்கும். அந்த விஷத்த மட்டும் வாயால பிரிக்க முடியாது. எத்தினி வருஷம் ருசி பாத்தவங்களா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க. ஏம்மா கேக்கற?"

"நான் பாத்தேன்டி." என்றாள் ஜெயம்மாள். "ஒருமாதிரி கீதுன்னு நீட்டனாரு. நாக்குல வெச்சிட்டு, எப்பவும் போலதான் கீது, குடின்னு நான்தான் சொன்னேன்."

மகள் கத்துவாள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். தமிழ்மொழிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வாயில வெச்சியா? நீயும் ஒரு மடக்கு குடிச்சிருந்தா, எனக்கு யாரும்மா இருந்திருப்பாங்க?"

ஜெயம்மாள் மலைத்துப்போய் மகளைப் பார்த்தாள். இந்த எட்டு வருஷத்தில் அவள் அந்தப் பக்கமாக ஒருநாள்கூட யோசித்ததில்லை.